ரஷ்ய மொழிக்கு ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், தமிழ் வழியாகப் போங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கலைப்பிரிவில் உயர்தரம் செய்தனான். பல்கலைக்கழகத்தில ரஷ்ய மொழியை ஒரு பாடமா எடுக்கிற வாய்ப்பு வந்திருக்கு. ஒரு எழுத்தும் தெரியாது. கூடப் படிக்கப்போற சிலர் உயர்தரத்திலேயே ரஷ்யன் செய்த ஆக்கள். என்ர இங்கிலிசும் மட்டுமட்டு. ஆறு வேற்றுமை, மூண்டு பால் எண்டு எல்லாரும் வெருட்டுகினம். எடுக்கிறதோ, விடுறதோ?"

எடுங்கள் தங்கச்சி. ஆனால் "கஷ்டப்பட்டால் எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு ஓடப் போவதில்லை. உங்களை வெருட்டுகிறவர்கள் பிழையான இடத்தைக் காட்டி வெருட்டுகிறார்கள், அவ்வளவுதான். வேற்றுமைக்குத் தமிழ்ப் பிள்ளை பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

நான் பத்தொன்பது வயதில் உதவித்தொகை கிடைத்து ரஷ்யாவில் வொரோனெஷ் நகரத்துக்குப் போனவள். போகும்போது எனக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆயத்த வகுப்பு ஒரு வருசம் நடக்கும். அதில் மொழியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வருசம் ரஷ்யப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்க வேண்டும். முதல் நாள் ஆசிரியை வந்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை. மேசையைத் தட்டி "எத்த ஸ்தோல்" என்றார். யன்னலைக் காட்டி "எத்த அக்னோ" என்றார். இது மேசை, இது யன்னல். எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் ஆபிரிக்காவில் ஆங்கிலத்தில் படித்து வந்தவன். அவன் கையைத் தூக்கி, இந்த வசனத்தில் 'இஸ்' எங்கே என்று கேட்டான். ஆசிரியை சிரித்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். அவனுக்கு அது விளங்கவே இல்லை, அன்று முழுக்க அதே யோசனை. எனக்கோ அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "இது மேசை" என்ற வசனத்தில் வினைச்சொல் எங்கே என்று நாங்கள் யாரிடமாவது கேட்டிருக்கிறோமா?

அன்றைக்குப் பிடித்த புத்திதான் இதுவரை எனக்கு உதவுகிறது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கலாம், விரிவுரையாளர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ விளங்கப்படுத்தலாம். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொப்பியில் குறிப்பெழுதும்போது ரஷ்ய வசனத்துக்குப் பக்கத்தில் தமிழ் வசனத்தைத்தான் எழுதுங்கள், அதுவும் வீட்டில் கதைக்கிற தமிழை. ஆங்கிலம் இடையில் வந்தால் இல்லாத சிக்கல்களையும் சேர்த்துக் கொண்டுவரும்.

சில உதாரணங்கள். ரஷ்யனில் 'எனக்குக் குளிருது' என்பதற்கு "ம்ஞே ஹோலத்ன" என்பார்கள். 'ம்ஞே' என்றால் எனக்கு, நான்காம் வேற்றுமை. எனக்குப் பிடிக்கும், எனக்கு இருபது வயது, எனக்கு வேண்டும் எல்லாவற்றுக்கும் அதே 'எனக்கு'. ஆங்கிலத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று சொல்லிப் பழகியவர்கள் இதற்கு ஒரு மாதம் மல்லுக்கட்டுவார்கள். 'என்னட்டைப் பேனை இருக்கு' என்பதற்கு "உ மிஞா யெஸ்த் ரூச்கா". 'உ மிஞா' என்றால் என்னட்டை, அதாவது என்னிடம். 'வைத்திருக்கிறேன்' என்று ஒரு வினைச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. (ஒரு சின்ன வித்தியாசம்: நாங்கள் தம்பி என்றால் 'எனக்கு', பேனை என்றால் 'என்னட்டை' என்று பிரிப்போம். அவர்கள் இரண்டுக்கும் 'உ மிஞா' தான்.) ஆங்கிலத்தில் மாதிரிப் பெயருக்கு முன்னால் 'எ', 'த' என்று எதுவும் ஒட்டுவதில்லை, எங்களைப் போலத்தான். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் 'தி', 'வி' என்று அப்படியே இருக்கிறது; யாருக்கு எது என்று எங்கள் அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இனி அந்த ஆறு வேற்றுமை. நாங்கள் எட்டு வேற்றுமை பாடமாக்கிப் பரீட்சை எழுதிய ஆட்கள். 'வீட்டில்' என்பது ஏழாம் வேற்றுமை; ரஷ்யனில் "வ் தோமே". பேனையால் எழுதுகிறேன் என்றால் "ரூச்கய்", எங்கள் மூன்றாம் வேற்றுமை. இதில் ஒரு அழகு இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் 'ஆல்', 'ஓடு' இரண்டும் ஒரே மூன்றாம் வேற்றுமைக்குள் வருவது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் குழம்பியிருப்பீர்கள். ரஷ்யனிலும் பேனையால் என்பதும் தம்பியோடு என்பதும் ஒரே வேற்றுமைதான். தம்பியோடு என்னும்போது முன்னால் ஒரு 'ஸ்' மட்டும் வரும், "ஸ் ப்ராதம்".

இரண்டாம் வேற்றுமையை வைத்துத்தான் நான் வகுப்பில் முதன்முதல் பெயர் வாங்கினேன். 'மேசையைப் பார்க்கிறேன்' என்றால் மேசை என்ற சொல் மாறாது, "வீஷு ஸ்தோல்". 'தம்பியைப் பார்க்கிறேன்' என்றால் தம்பி மாறும், "வீஷு ப்ராத்தா". உயிருள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆண்பாற் சொல்லின் முடிவு மாறும் என்று ஆசிரியை விளங்கப்படுத்தினார். வகுப்பே முழித்தது. தமிழைக் கவனியுங்கள்: 'கடையில புத்தகம் வாங்கினனான்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம். 'கடையில தம்பி கண்டனான்' என்று சொல்ல முடியுமா? 'தம்பியைக் கண்டனான்' என்றால்தான் வசனம். உயர்திணைக்கு உருபு கட்டாயம், அஃறிணைக்கு விட்டாலும் குற்றமில்லை. அதே மூளைதான் அங்கேயும் வேலை செய்கிறது, ஒரு வித்தியாசத்தோடு: அவர்களுக்கு மாடும் நாயும் தம்பியோடு சேர்த்தி.

உச்சரிப்பிலும் எங்கள் பெட்டிக்குள் சாமான் இருக்கிறது. ரஷ்யனில் ஒரு உயிரொலி உண்டு, உதடு குவிக்காமல் நாக்கைப் பின்னுக்கு இழுத்துச் சொல்வது. ஆங்கிலம் கதைக்கிறவர்கள் அதற்குப் படாத பாடு படுவார்கள். நீங்கள் 'பத்து' என்று சொல்லுங்கள், சும்மா கதைக்கிற மாதிரி. கடைசியில் வருவது முழு 'உ' இல்லை, உதடு குவியாது, குற்றியலுகரம். அந்தப் 'பத்து'வின் கடைசித் 'து'வைத் தனியே எடுத்தால், ரஷ்யனில் 'நீ' என்ற சொல்லுக்கு ஏறக்குறையக் கிட்ட வந்துவிட்டீர்கள். மேலே நான் 'தி' என்று எழுதியது இதைத்தான். தமிழெழுத்தில் அதை எழுத வழியில்லை. அவர்களுடைய 'த்' எங்கள் 'த'வைப் போலப் பல்லில் படுவது, ஆங்கில 'ட' அல்ல. 'இல்லை' என்பதற்குள்ள சொல்லை எல்லோரும் 'நியெட்' என்று எழுதுகிறார்கள். 'ஞெத்' என்று சொல்லிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையில் வருகிற அதே 'ஞ'.

எழுத்துகள் 33. அதற்கு ஒரு கிழமை போதும், அதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஆங்கிலக் கண் கொஞ்சம் ஏமாற்றும்: ஆங்கிலத்தில் 'பஸ்' என்று எழுதத் தொடங்குகிற எழுத்து அங்கே 'வ்', 'பேப்பர்' தொடங்குகிற எழுத்து அங்கே 'ர்', 'எச்' மாதிரி இருப்பது 'ன்', 'சி' மாதிரி இருப்பது எப்போதும் 'ஸ்'. அதனால்தான் நிலாவெளியில் ரஷ்யனில் 'ரெஸ்தரான்' என்று போர்டு போட்டிருந்தால், எங்கள் ஆட்டோக்காரத் தம்பிமார் 'பெக்டோபா' என்று வாசித்து, அது என்ன கடை என்று கேட்பார்கள். அச்செழுத்தைவிடக் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும். ரஷ்யாவில் எல்லோரும் கூட்டெழுத்தில்தான் எழுதுவார்கள், அதில் 'த்' ஆங்கில 'எம்' மாதிரி இருக்கும், 'இ' ஆங்கில 'யு' மாதிரி. என்னுடைய முதல் சொல்வதெழுதல் தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. சொல்லில் பிழையில்லை. அச்சில் உள்ள மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதினேன் என்பதற்காக. முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற கோடுபோட்ட கொப்பி ஒன்று வாங்கி முதல் நாளே கூட்டெழுத்தைத் தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது மனதுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ரஷ்யன் படிக்கிற எல்லோரும் அழுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு வினைச்சொல், சோடி சோடியாக. எழுதுவதற்கு 'பிஸாத்' ஒன்று, 'நப்பிஸாத்' ஒன்று. முதலாவது செயல் நடப்பதை, தொடர்வதை, திரும்பத் திரும்ப வருவதைச் சொல்லும். இரண்டாவது செயல் முற்றாக முடிந்ததைச் சொல்லும். ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதும், அம்புக்குறி கீறும், கடைசியில் 'பழகப் பழக வரும்' என்று முடிக்கும்.

தமிழில் 'கடிதம் எழுதினனான்' என்பதற்கும் 'கடிதம் எழுதிட்டன்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்கு அது தெரியும். விளக்கத் தெரியாமல் இருக்கலாம், பிழைவிடாமல் பாவிக்கத் தெரியும். 'பின்னேரம் முழுக்க என்ன செய்தனீ?' 'கடிதம் எழுதினனான்.' இங்கே பிஸாலா, 'பிஸாத்'தின் இறந்தகாலம். 'கடிதம் என்னமாதிரி?' 'எழுதிட்டன்.' இங்கே நப்பிஸாலா. அந்த 'விடு' என்ற துணைவினை செய்கிற வேலையைத்தான் அங்கே வேறொரு சொல் செய்கிறது.

இதை நான் உணர்ந்தது ஒரு பனிக்காலக் காலை. விடுதி வாசலில் படிக்கட்டெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. வாசலைக் கூட்டுகிற வயதான அம்மா என்னைப் பார்த்து "ஞி உப்பதீ!" என்று கத்தினார். 'விழாதே' என்று விளங்கியது, ஆனால் இலக்கணத்தில் இடித்தது. ஏனென்றால் அதற்கு முதல் கிழமைதான் ஆசிரியை விதி சொல்லியிருந்தார்: 'செய்யாதே' என்று மறுத்துச் சொல்லும்போது எப்போதும் முதலாவது வகை வினைதான் வரும். கத்தாதே, புகைக்காதே, திறக்காதே எல்லாம் அப்படித்தான். இந்த அம்மா சொன்னதோ இரண்டாவது வகை. வகுப்பில் கேட்டேன். ஆசிரியை சொன்னார்: அது தடை இல்லை, எச்சரிக்கை. வேண்டுமென்று யாரும் விழுவதில்லை. தன்னையறியாமல் நடந்துவிடக்கூடியதைப் பற்றி எச்சரிக்கும்போது இரண்டாவது வகை வரும். மறந்துபோகாதே, தொலைக்காதே, பிந்தாதே எல்லாம் இந்தக் கணக்கு.

இரவு படுத்திருந்து யோசித்தபோது பொறி தட்டியது. எங்கள் அம்மா கடற்கரையில் என்ன சொல்வா? 'கத்தாதை!' ஆனால் 'விழுந்திடாதை!' 'அந்தக் கல்லில ஏறாதை!' ஆனால் 'செருப்பைத் துலைச்சிடாதை, மறந்திடாதை, பிந்திடாதை!' வேண்டுமென்று செய்வதற்கு வெறும் வினை, தெரியாமல் நடப்பதற்கு 'விடு' சேர்த்த வினை. கோடு போட்டு வைத்த மாதிரி அதே பிரிப்பு. எழும்பி லைட்டைப் போட்டுக் கொப்பியில் எழுதினேன், அறையில் இருந்த மற்றப் பிள்ளை ஏசினாள்.

எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு ஒட்டாது என்பதையும் சொல்லவேண்டும். சில சோடிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள்: கதைப்பது 'கவரீத்', சொல்லிவிடுவது 'ஸ்கஸாத்'. அவற்றைச் சோடியாகவே பாடமாக்க வேண்டும். ஒரு வினையைத் தனியே எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறியுங்கள், பரவாயில்லை. ஆனால் எந்த இடத்தில் எது என்ற தீர்மானத்துக்குத் தமிழ்க் காது கைகொடுக்கும்.

தமிழ் கைவிடுகிற இடங்கள் இனி.

முதலாவது, பால். எங்களுக்கு மேசைக்கும் யன்னலுக்கும் ஆண் பெண் கிடையாது. அங்கே மேசை ஆண், புத்தகம் பெண், யன்னல் இரண்டுமில்லை. நல்லவேளை, பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உண்மையான சுமை அது இல்லை. எங்கள் உருபு எல்லாப் பெயருக்கும் ஒன்றுதான்: வீட்டில், மரத்தில், கடலில். அவர்களுக்குப் பாலுக்கொரு முடிவு, ஒருமைக்கொன்று பன்மைக்கொன்று. போதாததற்குப் பெயரடையும் சேர்ந்து மாறும். தமிழில் 'பெரிய' என்ற சொல் என்ன நடந்தாலும் பெரியதாகவே இருக்கும். அங்கே பெரிய வீடு, பெரிய வீட்டில், பெரிய வீட்டுக்கு என்று 'பெரிய'வும் வீட்டின் பின்னால் இழுபட்டுப் போகும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அட்டவணையாகப் பாடமாக்காமல் முழுச் சொற்றொடராகப் பாடமாக்கினால் கொஞ்சம் இலேசு.

இரண்டாவது, தமிழெழுத்து. இந்தப் பதிலில் நான் ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதியிருப்பது வாசிக்கிறவர்களுக்காக. நீங்கள் கொப்பியில் ஒருபோதும் இப்படி எழுதாதீர்கள். எங்களுக்கு 'க' ஒன்று, 'த' ஒன்று, 'ப' ஒன்று. அவர்களுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு, அதுவும் பொருளை மாற்றுகிற இரண்டு. 'தோம்' என்று எழுதினால் அது வீடா, புத்தகத்தின் ஒரு தொகுதியா? 'கோத்' என்று எழுதினால் வருசமா, பூனையா? 'எனக்கு இங்கே இரண்டாவது பூனை' என்று நான் ஒருமுறை கடைக்காரியிடம் சொல்லி, அவ என்னிடம் பூனைச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டா. 'பஸ்', 'பாங்கு' என்று சரியாகச் சொல்கிற எங்களுக்கு ஒலி வராமல் இல்லை. எழுத்தில் பிரித்துப் பார்த்துப் பழகவில்லை.

மூன்றாவது, அழுத்தம். எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, விழாத இடத்தில் 'ஓ' வந்தால் அது 'அ' ஆகிவிடும். பால் என்பதற்கு எழுதுவது 'மொலொகோ', சொல்வது 'மலக்கோ'. 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு. எழுத்து இரண்டுக்கும் ஒன்று. வழிகாட்டி வேலையில் திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையைக் காட்டி, அழுத்தத்தை இடம் மாற்றி, 'இது ஒல்லாந்தர் காலத்துப் பூட்டு' என்று வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்திய பெருமை எனக்கு உண்டு. புதுச்சொல் எழுதும்போது அழுத்தக்குறி போடாமல் எழுதாதீர்கள்.

நாலாவது, போவது. நடந்து போவதற்கு ஒரு வினை, வாகனத்தில் போவதற்கு வேறு வினை. இப்போது ஒரு திசையில் போவது ஒன்று, வழக்கமாகப் போய்வருவது வேறொன்று. விடுமுறைக்கு வந்து நின்றபோது ஆசிரியையோடு தொலைபேசியில் கதைத்தேன். நாளைக்குக் கொழும்பு போகிறேன் என்பதற்கு "யா இதூ ஃப் கலோம்ப" என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு "பிஷ்கோம்?" என்றார். நடந்தா? திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் வரும். 'யேது' என்றிருக்க வேண்டும். இதற்குத் தமிழில் ஒரு உதவியும் இல்லை, பயிற்சிதான்.

எண்களைப் பற்றி ஒரு வரி: ஒன்றுக்கு ஒரு முடிவு, இரண்டில் இருந்து நாலு வரை வேறு, ஐந்தில் இருந்து இருபது வரை வேறு, இருபத்தொன்றில் திரும்பவும் ஒன்றின் முடிவு. புறாமலைத் தீவுக்குப் படகு பேசும்போது ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் மூன்றுக்கும் மூன்று வடிவம் வேண்டும்: தீஸ்யச்சா, த்வே தீஸ்யச்சீ, ப்யாத் தீஸ்யச். படகுக்கார அண்ணாமார் இலக்கணமே இல்லாமல் அதைச் சரியாகச் சொல்கிறார்கள், காசு விசயம் பாருங்கள்.

சொற்களில் ஒரு சின்னச் சந்தோசம். எங்கள் அப்பப்பா வேலைக்குப் போவதைக் 'கந்தோருக்குப் போறன்' என்பார். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ரஷ்யனில் அலுவலகத்துக்கு 'கன்தோரா' என்று ஒரு சொல் உண்டு, அதே வேர்தான். துறைமுகத்துக்கு 'காவன்', கப்பல்காரனுக்கு 'மத்ரோஸ்' என்பதெல்லாம் ஒல்லாந்தரிடம் இருந்து ரஷ்யர் எடுத்தவை. எங்களுக்குக் கோட்டை, அவர்களுக்குக் கப்பற்சொல்.

சரி, எவ்வளவு காலம் எடுக்கும்? அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களத்தின் மொழிப்பள்ளி, ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்கு ரஷ்யன் படிக்க 1100 வகுப்பு மணித்தியாலம் ஒதுக்குகிறது. (அதே பட்டியலில் தமிழுக்கும் 1100 தான். நீங்கள் அந்த வகுப்புக் கடினத்தில் ஒன்றை ஏற்கெனவே முடித்தவர்.) பல்கலைக்கழகத்தில் கிழமைக்கு 4 மணித்தியாலம், வருசத்துக்கு 30 கிழமை என்று வைத்தால் மூன்று வருசத்துக்கு 360. மிச்சத்தை நீங்கள்தான் தேட வேண்டும். தினம் ஒரு மணித்தியாலம் என்றால் வருசத்துக்கு 365, கணக்குச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணித்தியாலம் குந்தியிருப்பது கணக்கில் வராது, நான் செய்து பார்த்துவிட்டேன். வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வில் தொடக்க நிலைக்கு 780 சொல், அடுத்த படிக்கு 1300, அங்கே பட்டப்படிப்பில் சேரத் தேவைப்படும் முதலாம் நிலைக்கு 2300 சொல் என்று வரையறை இருக்கிறது. நாளுக்கு நாலு சொல் என்று போனாலும் இரண்டு வருசத்துக்குள் அந்த 2300 வந்துவிடும்.

உயர்தரத்தில் ரஷ்யன் செய்து வந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் அவர்கள் முன்னுக்கும் நீங்கள் பின்னுக்கும்தான். அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் வகுப்பு அப்போது படிக்கும், அதனால் அவர்கள் வேலை செய்ய மாட்டார்கள். வினைச்சோடி தொடங்கும்போது எல்லோரும் ஒரே கோட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களோடு கூட்டுச் சேருங்கள், பழைய கொப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறை போல ரஷ்யன் படிப்பிக்கிற இடத்தில், தொடக்கத்தில் இருந்து எடுக்கிறவர்களுக்கு எந்தப் பாட அலகு, சிறப்புப் பட்டத்துக்குப் போக என்ன பெறுபேறு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் முன்பே துறையில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி இருக்காதீர்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு பழகுவதற்கு: புஷ்கின் ரஷ்ய மொழி நிறுவனத்தின் இணையப் பாடங்கள் தொடக்க நிலையில் இருந்து இலவசமாக இருக்கின்றன. கொழும்பு 7 இல் ரஷ்ய இல்லம் என்ற ரஷ்யப் பண்பாட்டு நிலையம் வகுப்புகள் நடத்துகிறது, ஆனால் இரவு மெயிலில் போய் இறங்கி வகுப்புக்குப் போய்த் திரும்பி வருவது எத்தனை நாளைக்கு? கதைத்துப் பழக ஆள் பிடித்தால் நேரத்தைக் கவனியுங்கள். மொஸ்கோ எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. அகராதிக்கு ஒரு புதையல் சொல்கிறேன்: பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி 1960 இல் மொஸ்கோவில் வெளியானது. பழைய சொற்கள்தான், ஆனாலும் தமிழில் இருந்து நேரே போகலாம். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று வீட்டில் யாராவது பெரியவரின் அலுமாரியில் பழைய சோவியத் தமிழ்ப் புத்தகம் இருந்தால் எடுத்து வாசியுங்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வந்து குழப்புகிறது என்று விட்டிருப்பீர்கள். அதில் நடுவில் வருவது தகப்பன் பெயர். இவான் என்பவரின் மகள் அன்னா என்றால் அன்னா இவானவ்னா, ஆசிரியையை அப்படித்தான் கூப்பிட வேண்டும். 'ரீச்சர்' என்று கூப்பிட அங்கே வழியில்லை. தகப்பன் பெயரைச் சுமந்து திரிகிற எங்களுக்கு இது பெரிய புதினம் இல்லை.

வேலை வாய்ப்பைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். 2023, 2024 இரண்டு வருசமும் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் இந்தியருக்கு அடுத்தபடி ரஷ்யர்தான். ஆனால் அவர்கள் கூட்டமாக வருவது தங்கள் நாட்டுப் பனிக்காலத்தில், தெற்குக் கடற்கரைக்கு. அப்போது எங்களுக்கு வாடைக்காற்று, நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும், கடைகள் பாதி பூட்டிக் கிடக்கும். எங்கள் காலம் சித்திரை வைகாசியில் தொடங்கி ஆவணி புரட்டாதியோடு முடியும். ஆகவே ஊரில் இருந்தபடி ரஷ்யன் மட்டும் வைத்து வருசம் முழுக்கப் பிழைக்க முடியாது. நான் ஆறு மாதம் இங்கே வழிகாட்டி வேலை, மிச்சம் மொழிபெயர்ப்பு, இணையத்தில் சில பிள்ளைகளுக்கு வகுப்பு என்று ஓட்டுகிறேன். வழிகாட்டியாக வேண்டுமென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தனியே எடுக்க வேண்டும், மொழி தெரிந்தால் மட்டும் போதாது.

மேற்படிப்புக்குப் போகிற யோசனை இருந்தால், ரஷ்ய அரசாங்கத்தின் உதவித்தொகைக்கு ரஷ்ய இல்லம் வழியாக விண்ணப்பிக்கலாம். படிப்புச் செலவு இல்லை, மாதம் சின்னத் தொகை தருவார்கள், விடுதி கிடைக்கும். விமானச் சீட்டும் மருத்துவக் காப்புறுதியும் உங்கள் செலவு. அந்த மாதத் தொகையை நம்பிப் போகாதீர்கள், உருளைக்கிழங்குக்குக் காணும். இடையில் யாராவது முகவர் வந்து வேலையும் படிப்பும் சேர்த்து எடுத்துத்தருகிறேன் என்றால் தள்ளி நில்லுங்கள். 2024 இல் வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன எங்கள் நாட்டு முன்னாள் படையினர் பலர் போர்முனையில் போய் நின்ற கதை பத்திரிகைகளில் வந்தது. வாசித்து விளங்காத ரஷ்யப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. விளங்குகிற அளவுக்கு மொழி வந்த பிறகும் இரண்டுதரம் வாசியுங்கள்.

கடைசியாக ஒரு விசயம், யாரும் சொல்லித்தராதது. உங்கள் பெயரை ரஷ்யனில் எப்படி எழுதுவது என்பதை இப்போதே தீர்மானித்து வையுங்கள். என்னுடைய பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ரஷ்யனில் 'ழ' இல்லை. கடவுச்சீட்டில் அதை ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டு எழுதியிருந்தது. விசாவுக்கு மொழிபெயர்த்தவர் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து, 'ஷ'வுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற, வண்டு இரைகிற ஒலியைப் போட்டுவிட்டார். படித்த இடத்தில் பதிவு செய்தவர் நான் வாயால் சொன்னதைக் கேட்டு 'ல' போட்டார். நாலு வருசம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போனபோது விசாவில் ஒருத்தி, சான்றிதழில் வேறொருத்தி. இரண்டும் நான்தான் என்று நிரூபிக்க மூன்று கிழமை, நாலு முத்திரை, கொட்டுகிற பனியில் இரண்டு கந்தோருக்கு நடை. முதல் மொழிபெயர்ப்பில் என்ன எழுத்து விழுகிறதோ அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், அடுத்த ஒவ்வொரு படிவத்திலும் அதையே காட்டி எழுதுவியுங்கள்.